கோயில் தெருத் தாய்மார் இல்லம்

ஜனவரி 8, ஞாயிறு

எங்கள் சபையின் சேகரக் கமிட்டி என் மனுவைத் தள்ளிவிட்டது. ஆராதனை முடிந்த சூட்டோடு கூட்டம் போட்டு, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். நான் கேட்டது பதினொரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற பழைய போர்டிங் கட்டடத்தை. புருஷன் விட்டுப்போனவள், அடிபட்டு வந்தவள், தாலி இல்லாமல் வயிற்றோடு நிற்கிறவள், இப்படிப்பட்ட தாய்மார் பிள்ளை பெற்று, அது நடக்கிற வரைக்கும் தங்க ஓர் இடம் வேண்டும். அந்தக் கட்டடத்தில் இப்போது குடியிருப்பவை அசனப் பண்டிகைக்குச் சோறு பொங்குகிற அண்டாக்களும் வௌவால்களும்.

கமிட்டிச் செயலாளர் என் கூடப் பிறந்த தம்பி ஜெயசிங். அவனே எழுந்து பதில் சொன்னான்.

"அக்கா, இது விசுவாசிகள் கட்டின கட்டடம். தப்புப் பண்ணிட்டு வாரவளுவளுக்குச் சத்திரமாக் குடுக்க முடியாது."

"அவளுவ தனியாவா தப்புப் பண்ணினாளுவ?" என்றேன். "மத்த ஆளுவ எல்லாம் எந்த பெஞ்சில உக்காந்திருக்கானுவ?"

புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் ஐயா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெபத்தோடு கலைந்தார்கள்.

இருபத்தாறு வருஷம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தேன். மூட்டு வலி என்று எழுதிக் கொடுத்து, ஓய்வு வயது ஆகும் முன்பே வெளியே வந்தேன். வந்த நாளிலிருந்து ஆண்டவர் என்னிடம் இந்த ஒன்றைத்தான் சொல்கிறார். கமிட்டியிடம் அவர் எதுவும் பேசவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 11, புதன்

அப்பா தம்பிக்குப் பஜார் கடையையும் எனக்கு இந்த வீட்டையும் எழுதி வைத்தார். கோயில் தெருவில், கோயிலுக்கு நேர் எதிர் வரிசை. நாலு அறை, பின்னால் முற்றம். அவர் இருந்தபோது வேதப்பாட வகுப்பு நடந்த முன்னறையில் இன்று நான்கு பாய்களை விரித்துப் பார்த்தேன். உத்தரத்தில் தொட்டில் கட்டக் கொக்கி அடிக்க ஆள் வந்தான்.

மதில் மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ராஜகனி, "என்ன மதினி, லாட்ஜா வைக்கப் போறிய?" என்றாள்.

"ஆமா. உங்களுக்கும் ஒரு ரூம் போட்டு வைக்கவா?"

சுவர் சட்டென்று காலியானது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். இன்றைக்கு முடியாது.

ஜனவரி 29, ஞாயிறு

முதல் பெண் வந்துவிட்டாள். பெயர் பேச்சியம்மாள், பத்தொன்பது வயது, பீடி சுற்றுகிறவள், ஆறாம் மாதம். பீடிக் கட்டு எடுக்க வரும் வேன் டிரைவர் ஆசை காட்டியிருக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே குடும்பம் இருப்பது பிறகுதான் தெரிந்ததாம். அப்பா பெல்ட்டால் அடித்திருக்கிறார். எங்கள் வார்டில் ஆயாவாக இருக்கும் சொர்ணத்திடம் கலைக்கிற மாத்திரை வாங்கப் போனவளை, சொர்ணம் என் விலாசம் எழுதிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

காலைக் கழுவாமல் உள்ளே வந்தாள். திட்டினேன். போய்க் கழுவிவிட்டு வந்து, "என்ன வேலை செய்யணும் சிஸ்டர்?" என்றாள். சாப்பிடு என்றேன். கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

பிப்ரவரி 5, ஞாயிறு

பேச்சியைக் கோயிலுக்கு நான் கூப்பிடவில்லை. மணியடித்ததும் அவளாகத் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். பெண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சு என் அம்மா காலத்திலிருந்து எங்கள் இடம். நாங்கள் உட்கார்ந்ததும் ராஜகனி எழுந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் எழுந்தாள். முதல் பாட்டு முடிவதற்குள் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பின்னால் ஆட்கள் நின்றுகொண்டே பாடினார்கள்.

பேச்சி என் காதில், "கால நீட்டி உக்காரலாமா சிஸ்டர்? வலிக்கி" என்றாள்.

நீட்டிக்கொள் என்றேன்.

பிப்ரவரி 6, திங்கள்

பேச்சிக்கு இரும்புச் சத்து மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். வாசலில் யாரோ மீன் கழிவைக் கொட்டியிருந்தார்கள். கழுவினேன்.

பிப்ரவரி 19, ஞாயிறு

மத்தியானம் இன்னொருத்தி வந்தாள். சுடலைவடிவு. இருபத்தேழு இருக்கும். இடது கையில் மாவுக்கட்டு, நான்கு வயதுப் பெண் குழந்தை தர்ஷினி, வயிற்றில் மூன்று மாதம். குடிகாரப் புருஷன் கையை முறித்திருக்கிறான். பால்வாடி டீச்சர் அனுப்பி வைத்தாராம்.

படியேறும்போது என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீங்க பெரியாஸ்பத்திரில இருந்தீங்கல்லா?"

"இருந்தேன்."

"பிரசவ வார்டுல."

"ஆமா."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். பேச்சி பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டும் நிற்கவில்லை. நாலரை மணிக்குத் திரும்பி வந்தாள். போக வேறு இடம் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னிடம் பேசாமல் பேச்சியிடம், "பிள்ளைக்குக் காய்ச்சலு. விட்டதும் போயிருவோம்" என்றாள்.

வார்டில் நான் கண்டிப்பானவள். ஒரே நேரத்தில் ஏழு பேர் கத்துகிற இடத்தில் கண்டிப்பு இல்லாமல் முடியாது. அது அவளுக்குப் புரியாது.

பிப்ரவரி 20, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 24, வெள்ளி

காய்ச்சல் விட்டது. வடிவு போகவில்லை. காலையில் சோற்றை வைத்துவிட்டு, ஜெபித்துச் சாப்பிடுங்கள் என்றேன். தட்டைத் தள்ளினாள்.

"எதுக்கு ஜெபிக்கணும்? இந்தக் கைக்கா?" என்று என் வலது கையைக் காட்டினாள். பேச்சி பக்கம் திரும்பினாள். "ஏட்டி, தர்ஷினி பிறக்கும்போது இந்த சிஸ்டர்தான் எனக்குப் பிரசவம் பாத்தாங்க. வலி பொறுக்காமக் கத்தினேன். தொடையில விட்ட அடியில அஞ்சு விரலும் பதிஞ்சு போச்சு. புருசன்கிட்டப் போகும்போது இப்படிக் கத்தினியான்னு கேட்டாங்க. வார்டே சிரிச்சுது."

பேச்சி என்னைப் பார்த்தாள்.

"எனக்காவது அடியோட போச்சு. பக்கத்துக் கட்டில்ல சந்தனமாரின்னு ஒரு பிள்ளை."

"போதும்" என்றேன்.

"ஆண்டவர் சொல்லித்தான் இந்த வீட்டைத் திறந்தேன்னு ஊர் பூரா சொல்லுதியளாமே. ஆண்டவரா சொன்னாரு? சந்தனமாரி சொல்லிச்சா?"

அடுப்பில் பால் பொங்கியது. போய் இறக்கினேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் இல்லை. வீட்டார் வந்து கேட்டார்கள், அனுப்பினேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு முறைப்படிதான் அனுப்பினேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மார்ச் 5, ஞாயிறு

முற்றத்தில் மூன்று செங்கலை வைத்து வடிவு தனி அடுப்பு மூட்டியிருக்கிறாள். குழந்தை என் சமையலைச் சாப்பிடும், அவள் தொட மாட்டாள். ஒற்றைக் கையால் அரிசி களைகிறாள். உதவிக்குப் போன என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான், திரும்பிவிட்டேன்.

பேச்சியையும் கெடுக்கிறாள். பாயைச் சுருட்டி வைக்கவில்லையே என்று நான் சத்தம் போட்டதற்கு, "நீயும் திருப்பிச் சத்தம் போடுட்டி" என்று சொல்லிக் கொடுக்கிறாள். சாயங்காலம் அவளும் போட்டாள். "குனிய முடியல சிஸ்டர், கண்ணு தெரியலையா?" என்றாள். பாயை நானே சுருட்டினேன்.

மார்ச் 12, ஞாயிறு

ஜெயசிங் வந்தான். உட்காரவில்லை.

"பியூலாவைப் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெருவுல நுழையும்போதே கேட்டுட்டாங்க. உங்க அக்கா வீட்டுல என்ன நடக்குன்னு. நான் என்ன பதில் சொல்ல?"

"தாய்மார் இருக்காங்கன்னு சொல்லு."

"எல்லாரையும் அனுப்பிட்டு வீட்டைப் பூட்டுக்கா. இல்லன்னா நான் கலெக்டர் ஆபீசுக்கு மனுப் போடுவேன். ஊர்ல எல்லாரும் கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க."

"உம் மகளுக்கே நாளைக்கு ஒண்ணுன்னா எந்த வீட்டுக்கு வருவா?"

கையை ஓங்கிவிட்டான். அறுபது வயதுக்கு இரண்டு குறைவு எனக்கு. சிறுவயதில் நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். ஓங்கிய கை அப்படியே நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

நான் சொன்னது கொடூரமான வார்த்தை. பியூலா நல்ல பெண். ஆனாலும் அதைத் திரும்பப் பெற மாட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருக்குழாயில் எங்கள் குடத்தை வரிசையிலிருந்து எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். பேச்சி அழுதுகொண்டே வந்தாள். வடிவு போனாள். குடத்தை வரிசையின் முதலில் வைத்து, அதன் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாளாம். ஆறு குடம் தண்ணீர் வந்தது. அதில் ஒரு குடத்தை என் அடுக்களைக்கு வெளியே வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளி

எழுத்து கோணினால் பரவாயில்லை.

பன்னிரண்டு மணியிலிருந்து மும்மணி ஆராதனையில் இருந்தேன். மூன்று மணிக்கு வெளியே வந்தால் என் கேட்டுக்கு முன்னால் ஒரு வேன். பேச்சியின் அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும். அவர்களுக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு ஜெயசிங். விலாசத்தைச் சொல்லி வரவழைத்தவனே அவன்தான். ராஜகனி பிறகு சொல்லித்தான் தெரியும், ஆனால் அவன் முகத்தைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்து போய் கேட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றேன். கோயிலிலிருந்து வந்த கூட்டம் முழுக்கத் தெருவில் நின்றது.

பேச்சியின் அப்பா நிதானமாகத்தான் பேசினார். "எம் பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன். வழிய விடுங்கம்மா."

உள்ளே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச்சி, "என்னை அனுப்பாதீங்க சிஸ்டர்" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

அதே வார்த்தைகள். அதே மெதுவான குரல். நான்கு வருஷமாக எந்த ஜெபத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்கிற குரல்.

"அக்கா, பெத்தவன் கேக்கும்போது நீ யாரு தடுக்க?" என்றான் ஜெயசிங்.

அப்போது சொல்லிவிட்டேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி என் வாய் சொல்லியது.

"நாலு வருசத்துக்கு முந்தி சந்தனமாரின்னு ஒரு பிள்ளை எங்க வார்டுல பெத்துக் கிடந்தா. கல்யாணம் ஆகாத பிள்ளை. அதனால அவளைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். மூணாம் நாள் அப்பனும் அண்ணனும் வந்து கேட்டாங்க. அனுப்பாதீங்க சிஸ்டர்னு என் சேலையப் பிடிச்சா. கைய எடுத்துவிட்டேன். பச்சப் பிள்ளைய வாங்க வந்தவங்க ஒரு துண்டுத் துணி கொண்டு வரல. அதை நான் பாத்தேன். பாத்துட்டும் அனுப்பினேன். அஞ்சாவது நாள் ரெண்டு பேரையும் கிணத்துல இருந்து எடுத்தாங்க. விழுந்தாளா, தள்ளினாங்களா, இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. இந்தப் பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன். என்னைத் தாண்டித்தான் போகணும்."

போதகர் ஐயா வெள்ளை அங்கியோடு கோயில் படியிறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார். எதிர் ஓரமாக நடந்து தன் வீட்டுக்குப் போனார்.

சித்தப்பன் கேட்டைப் பிடித்துத் தள்ளினான். இரும்புக் கம்பி என் நெற்றியில் அடித்தது. நான் கீழே விழவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது. "போன் போட்டாச்சு. ஸ்டேஷன்ல இருந்து ஜீப் கிளம்பியாச்சு. பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. தொட்டவன் உள்ள போவான்."

பேச்சியின் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காறித் துப்பிவிட்டு வேனில் ஏறினார்.

ஜீப் வரவில்லை. வடிவிடம் போனே கிடையாது.

என் நெற்றிக்கு அவள்தான் மஞ்சள் அரைத்தாள். ஆனால் போடச் சொல்லிப் பேச்சியிடம் கொடுத்தாள்.

ஏப்ரல் 15, சனி

பிப்ரவரி இருபத்து நான்காம் தேதி எழுதியதை இன்று படித்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

மூட்டு வலி என்பதும் பொய்.

ஏப்ரல் 25, செவ்வாய்

இல்லத்துக்கு அனுமதி கேட்டு நான் போட்ட விண்ணப்பமும், மூடச் சொல்லி ஊர் போட்ட மனுவும் ஒரே கோப்பில் சேர்ந்துவிட்டன. சமூக நல அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார். மனுவில் அறுபத்து நான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து ஜெயசிங்குடையது. ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணம் என்று இவரே பொது இடத்தில் ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருக்கிறான். உண்மைதானே என்று அந்த அம்மா கேட்டார். உண்மை என்றேன்.

அறைகள், கழிப்பிடம், அடுக்களை எல்லாம் பார்த்துவிட்டு, பெண்களைத் தனியாக விசாரிக்க வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றார். வடிவு, "இருக்கட்டும். அவங்க கேக்கட்டும்" என்றாள்.

"இந்தம்மா என்னை அடிச்சிருக்காங்க. நாலு வருசத்துக்கு முந்தி, ஆஸ்பத்திரில. எழுதிக்கோங்க."

அந்த அம்மா எழுதினார்.

"இங்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு. சத்தம் போடுவாங்க. வாய் சரியில்ல. ஆனா அடிக்கல. அதையும் எழுதிக்கோங்க. வேண்டாம்னவளை ஜெபத்துக்கு இழுக்கல. எனக்கு இவங்களைப் பிடிக்காது. பிடிக்கணும்னு சட்டம் இருக்கா?"

"இல்ல" என்றார் அந்த அம்மா.

"அப்ப மூட வேண்டாம். மூடினா நான் எங்க போவேன்?"

மே 3, புதன்

பேச்சிக்கு விடியற்காலையில் வலி எடுத்தது. ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உள்ளே ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார்கள். நான் எழுந்தேன். பேச்சி, "வடிவக்கா வரட்டும் சிஸ்டர்" என்றாள்.

இருபத்தாறு வருஷம் நான் உள்ளே நின்ற கதவுக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேச்சி கத்துவது கேட்டது. யாரோ அவளை அதட்டுவதும், அதற்கு வடிவு பதில் கொடுப்பதும் கேட்டது. பதினொன்றரைக்குப் பெண் பிள்ளை பிறந்தது. வடிவு வெளியே வந்து, துணி கேட்டாள். கையில் வைத்திருந்தேன். கொடுத்தேன்.

மே 18, வியாழன்

அனுமதி வந்துவிட்டது. நிபந்தனைகளோடு. இன்னொரு பெண் பொறுப்பாளராக இருக்க வேண்டும். தங்குகிறவர்களின் புகார்களை எழுத ஒரு நோட்டு வாசலில் தொங்க வேண்டும். வடிவிடம் பொறுப்பாளராக இருக்கிறாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சாவி எங்கிட்டதான் இருக்கணும்" என்றாள். கொடுத்துவிட்டேன். நோட்டில் முதல் புகாரை அவளே எழுதினாள். குழம்பில் புளி அதிகம் என்று.

மே 21, ஞாயிறு

இல்லத்தின் பிரதிஷ்டை ஜெபம். போதகர் ஐயா வர இயலாததற்கு வருந்தி, கோயில் உபதேசியார் கையில் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். சீட்டைக் கொடுத்த உபதேசியாரும் உள்ளே வரவில்லை. சொர்ணம் வந்தாள். நான்தான் ஜெபித்தேன். நன்றாக வரவில்லை. வடிவு பின்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் வாசற்படியில் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, காலில் செருப்பு இல்லை.

"பெரிய வெள்ளிக்கு எம் மக பேரைச் சொன்னது யாரு?" என்றாள்.

சந்தனமாரியின் அம்மா. உலகம்மாள். ஊர் ஊராகப் பேச்சுப் பரவி அவளிடமும் போயிருக்கிறது. மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது அவள் வேறு ஊரில் நடவு வேலையில் இருந்தாளாம். எங்கோ சொந்தக்காரர் வீட்டில் விட்டிருப்பதாகப் புருஷன் சொன்னதை நம்பியிருக்கிறாள். கிணற்றடிக்குக்கூட அவளை விடவில்லை. இப்போது புருஷனோடு இல்லை.

உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. நானும் படியில் இறங்கி நின்றேன்.

"எம் பிள்ளை கடைசியா உங்கிட்ட என்ன சொல்லிச்சு?"

"அனுப்பாதீங்க சிஸ்டர்னு சொல்லிச்சு."

பிறகு, "பேத்தி யாரு சாடை?" என்று கேட்டாள்.

ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உங்கள் மூக்கு, உங்கள் நெற்றி என்று சொல்லியிருக்கலாம். அவளும் வைத்துக்கொண்டிருப்பாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல. அன்னைக்கு ஏழு பிரசவம். நான் முகத்தைப் பாக்கல."

கன்னத்தில் அறைந்தாள். வயல் வேலை செய்த கை. கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சொர்ணம் ஓடி வந்தாள், வடிவு அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். நான் கையைத் தூக்கவில்லை. மறுபடி அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். வடிவுதான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மே 22, திங்கள்

உலகம்மாள் போகவில்லை. விடிந்து பார்த்தால் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பேச்சியின் பிள்ளையைக் கணுக்காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரமாகவே நின்றேன்.

என் பக்கம் திரும்பாமலே, "வெந்நி காணாது. இன்னும் கொண்டா" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.